முப்பது சலவை

உலகத்தில் இதுவரை அழிந்துபோன சாம்ராஜ்யங்கள் எல்லாமே ஒட்டப்பட்டவைதான், தைக்கப்பட்ட சாம்ராஜ்யம் ஒன்றுகூட அழிந்ததில்லை என்று கோமதேஷ் சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

சொன்ன இடம், செஞ்சி காந்தி பஜாரில் அவன் வைத்திருந்த ஆதிநாதர் எம்ப்ராய்டரி ஒர்க்ஸ். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின், ஒரு கல்லா மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு முதலாளி. மிஷின் திருப்பூரில் மாடாய் உழைத்து, ரிட்டயர் ஆகி இங்கே வந்தது. முதலாளி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, உழைப்பு என்கிற கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராக இங்கே வந்தவன். ஸ்டூலில் வளவன் உட்கார்ந்திருந்ததால் முதலாளி நின்றுகொண்டிருந்தான்.

“நம்ம கோட்டையவே எடுத்துக்க மச்சான்” என்று வெளியே கை நீட்டினான். கை நீட்டிய பக்கம் பாத்திரக் கடைதான் இருந்தது. கோட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துக் கை நீட்டுகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். “எத்தினி ராஜா புடிச்சான், எத்தினி ராஜா வுட்டான். ஏன் ஒருத்தனும் நிக்கல? கொடியில சின்னத்த சாயத்துல எழுதனானுங்க. ரெண்டு மழ பேஞ்சிது, சாயம் பூட்ச்சு, ஆட்சியும் பூட்ச்சு. நூல்ல தச்சிருந்தான்னா இன்னிக்கும் அவனுக்குத்தான் நாம வரி கட்டிக்கினு இருப்போம். துணி செத்தாலும் பேரு சாவக்கூடாது. அதான்டா எம்ப்ராய்டரி.”

“மச்சான், டீ ஆறுது” என்றான் வளவன்.

இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. கோமதேஷுக்கு மேல்சித்தாமூர், வளவனுக்கு வல்லம். கோமதேஷின் அப்பா சாந்திகுமாருக்கு ஊரில் நிலமும் சமண மடத்துக்காரர்களிடம் மரியாதையும் இருந்தன. எறும்பு ஊர்ந்தால் தாண்டிப் போகிற குடும்பம் அது. பையன் மிஷின் வாங்கிய அன்று கடைக்கு வந்து, ஊசி தடதடவென்று குத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “துணிக்கு உசுரு இல்ல, அதனால பொழச்ச” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வளவனுக்கு இருந்தது கபடி மட்டும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி காருக்கு பிரேக் செய்கிறது, கூடவே கபடி டீமும் வைத்திருக்கிறது. நன்றாகப் பாடிப் போகிறவனுக்கு நிரந்தர வேலை. காலையில் பிரேக், மாலையில் கபடி. இருபத்தைந்து வயது முடிந்தவனை எடுக்கமாட்டார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். வளவனுக்குத் தை பிறந்தால் இருபத்தைந்து முடியும், இருக்கிற வழியும் அடைபடும். அந்தக் கம்பெனியின் கோச் மார்கழிக் கடைசி ஞாயிறு செஞ்சி டோர்னமென்டுக்கு வருகிறார், கண்ணில் படுகிற ஒருவனைக் கூட்டிப்போவார் என்று கேள்வி. அந்த ஒருவனாக ஆகிவிடுவது என்று வளவன் ஐப்பசியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான்.

டோர்னமென்ட் கமிட்டி ஒரு விதி வைத்திருந்தது. ஏழு பேருக்கும் ஒரே நிற ஜெர்சி, நெஞ்சில் அணியின் சின்னம், முதுகில் நம்பர். ஜெர்சியை வளவன் வாங்கிவிட்டான். மஞ்சள் நிறம், கொசுவலைக்குத் தம்பி முறை ஆகிற அளவுக்கு மெல்லிசு. சின்னத்தை எப்படிப் போடுவது என்பதுதான் பாக்கி. திண்டிவனத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறவர் ஐம்பது பீசுக்குக் குறைந்தால் மையில் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார். வல்லம் அணியில் ஆள் ஏழு. எட்டாவதாக ஒருவன் இருந்தான், அவன் பெங்களூருக்குப் போய்விட்டான்.

“எதுத்த கடையில ஸ்டிக்கர் ஒட்டிக்கறன் மச்சான்” என்று வளவன் சொன்னதிலிருந்துதான் சாம்ராஜ்யங்களின் வரலாறு ஆரம்பித்தது.

எதிர்க்கடை தமிழ்ச்செல்வனுடையது. ஃபிளெக்ஸ் பேனர், போட்டோ போட்ட காபி கப், டி-ஷர்ட் ஸ்டிக்கர். பஜாரில் மூன்று தலைமுறையாக மளிகை வைத்திருந்த குடும்பம். மளிகைக்காரன் எழுந்திருக்கும் நேரத்துக்கு எழுந்திருக்க முடியாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர் தமிழ்ச்செல்வன். விசாரிக்கப் போன வளவனோடு கோமதேஷும் போனான். விசாரிக்க இல்லை, வேடிக்கை பார்க்க.

“பிலிம்ல பிரிண்ட் எடுப்பன். துணி மேல வெச்சி, சூடா ஒரு அமுக்கு. பிலிம உரிச்சா ஒட்டிக்கினு இருக்கும்” என்றார் தமிழ்ச்செல்வன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எத்தினி நாளைக்கு தாங்கும்ணா?” என்றான் வளவன்.

“முப்பது சலவ.”

“அப்பறம்?”

“அப்பறம் உரியும். எல்லாந்தான் உரியுது.”

கோமதேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஏன்ணா, தாலி கட்டச்சொல்ல அண்ணிகிட்டயும் இப்டித்தான் சொன்னீங்களா? தோ பாரும்மா, இது முப்பது சலவ தாங்கும், அப்பறம் உரியும்னு?”

“அவ அவ்ளோ கூட எதிர்பாக்கல தம்பி” என்றார் தமிழ்ச்செல்வன்.

வெளியே வந்ததும் கோமதேஷுக்கு ஆவேசம் அதிகமாகிவிட்டது. சூடு வைத்து அமுக்குகிறவன் எல்லாம் தொழில்காரன் என்றால் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சக்கரவர்த்தி என்றான். மாட்டுக்குக்கூட இப்போது சூடு போடுவதில்லை என்றான். “நான் செத்தாலும் இஸ்திரிப் பொட்டிய தொட்டு ஒரு பேரு போட மாட்டேன். எழுதி வெச்சிக்க.”

“மச்சான், மேட்ச் ஒரு நாளுதான். முப்பது சலவ எதுக்கு, மொத சலவ வரிக்கும் நின்னா போதும்.”

“ஒரு நாளைக்குத்தானேன்னு செய்றதாலதான்டா நம்ம ஜனங்க உருப்படல. கோச்சு வராரு. உன் நெஞ்சப் பாக்கப்போறாரு. அங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கினு நிப்பியா, வாழப்பழத்துல ஒட்டுவாங்களே, அந்த மாதிரி? நான் தச்சுத் தரேன். சும்மா தரேன். உனுக்கு நான் செய்யாம எவன் செய்வான்?”

கடைசிக் கேள்வியை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும், வளவனிடம் இருந்த தெம்பு எல்லாம் பயிற்சிக்கே சரியாக இருந்தது.

நான்கு நாள் மிஷின் ஓடியது. முதுகில் வெறும் நம்பர் தைக்கச் சொன்னால் நம்பருக்கு இரட்டைக் கரை கட்டினான். நெஞ்சில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. மலை என்றால் முக்கோணம் இல்லை. பாறை பாறையாக, சாம்பலில் மூன்று நிறம், மேலே மண்டபம், ஏறிப் போகப் படி, படியில் ஒரு குரங்கு. கீழே வளைவாக ‘வல்லம் புயல்’. ஜெர்சி தாங்காது என்று அடியில் பேப்பர் வைத்தான். அதுவும் தாங்காது என்று இன்னொரு பேப்பர் வைத்தான். கடைசியில் அந்த மலை துணியில் இருந்தது என்பதைவிட, அந்த மலையைச் சுற்றிக் கொஞ்சம் துணி இருந்தது என்று சொல்லலாம்.

வளவன் போட்டுப் பார்த்தான். நெஞ்சில் சின்ன தோசைக்கல்லைக் கட்டிக்கொண்டது போலிருந்தது. குனிந்தால் சின்னம் குனியவில்லை.

“உள்பக்கம் குத்துது மச்சான்.”

“சாம்ராஜ்யம்னா கொஞ்சம் குத்தத்தான் செய்யும்.”

அணியில் இடது பக்கம் நிற்கும் தனகோட்டி தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தான். “சுட்டாக்கூட உள்ள போவாது போல. கபடிக்கா தச்ச, காஷ்மீருக்கா?”

கோமதேஷ் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருவண்ணாமலை ரோட்டு மைதானம். கோச் தொப்பி போட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார், வந்தவாசியில் இன்னொரு மேட்ச் பார்க்க வேண்டும் என்று மைக்கிலேயே சொன்னார்கள். வல்லத்துக்கு எதிர் அணி தொண்டூர்.

வளவனின் முதல் பாட்டிலேயே தொண்டூரில் இருவர் அவுட். நடுக்கோட்டுக்குத் திரும்பி வரும்போது, “யாரு அந்த ஏழு?” என்று கோச் பக்கத்தில் கேட்டது அவன் காதில் விழுந்தது. கபடியில் மூச்சை அடக்கிப் பழகியவன், அதற்குப் பிறகு மூச்சு விடவே மறந்துபோனான். அடுத்த பாட்டில் இன்னொருவன். கோச் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். அந்தக் கால்மணி நேரம் வளவன் ஒரகடத்தில் வேலை பார்த்தான். அவனுடைய மொத்த சர்வீசும் அந்தக் கால்மணி நேரம்தான்.

தொண்டூரின் கார்னரில் பூவராகவன் என்று ஒருவன் நின்றான். ஒல்லி. வேர்க்கடலைச் செடி பிடுங்கிப் பிடுங்கி இரண்டு கையும் இடுக்கி ஆகிவிட்டவை. மெல்லிசு ஜெர்சி வேர்வையில் வழுக்கும், இடுக்கியாலும் பிடிக்க முடியாது. வளவன் அதை நம்பித்தான் அவன் பக்கம் போனான். அந்த இடுக்கி இடுப்பில் வழுக்கியது, விலாவில் வழுக்கியது, நெஞ்சில் வந்து மலையில் மாட்டிக்கொண்டது. மாட்டியதை அது விடவில்லை.

விசில் ஊதியது.

“துணியப் புடிச்சா ஃபவுல் சார்” என்று தனகோட்டி ஓடி வந்தான்.

“நான் எங்க துணியப் புடிச்சேன்? துணிதான் வழுக்குதே. மலையப் புடிச்சேன்” என்றான் பூவராகவன்.

அம்பயர் ராஜாராம் ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். எதையும் தொட்டுப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லமாட்டார். வளவனின் நெஞ்சில் இருந்த சின்னத்தை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்றது. அந்தச் சத்தம் கொஞ்சம் யோசனையைக் கிளப்பியிருக்க வேண்டும், இன்னொரு முறை தட்டினார்.

“இது துணி இல்ல” என்றார். “அவுட்.”

கோட்டுக்கு வெளியே கூட்டத்தில் நின்ற கோமதேஷ் பக்கத்து ஆளிடம் சொன்னது வளவனுக்குக் கேட்டது. “பாத்தீங்களா, அம்பயரே சொல்ட்டாரு துணி இல்லன்னு.” குரலில் பெருமைதான் இருந்தது.

அதன் பிறகு தொண்டூர்க்காரர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. யார் பாடி வந்தாலும் காலைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, மலையை மட்டும் பார்த்தார்கள். அவுட் ஆகி உட்கார்ந்திருந்த வளவனைத் தனகோட்டி எப்படியோ ஒரு ஆளைத் தொட்டு உள்ளே கொண்டுவந்தான். கோச் இன்னும் உட்கார்ந்திருந்தார். நேரம் இருந்தது. வளவன் இந்த முறை பூவராகவன் பக்கம் போகவில்லை, பூவராகவன்தான் வந்தான். மலையைப் பிடித்தான். வளவன் இழுத்தான், அவன் இழுத்தான். ஊசி போன இடமெல்லாம் வரிசையாக ஓட்டை. தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி, மலையைச் சுற்றிச் சரசரவென்று கிழிந்துகொண்டே வந்தது. வளவன் நடுக்கோட்டைத் தொட்டான். புள்ளி அவனுக்குத்தான். ஜெர்சியின் நெஞ்சில் ராஜகிரி அளவுக்கு ஒரு சன்னல், சன்னலிலிருந்து தொப்புள் வரை ஒரு கிழிசல்.

பூவராகவன் கையில் மலை முழுசாக இருந்தது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. குரங்குகூடப் படியிலேயே உட்கார்ந்திருந்தது. துணி செத்தது, பேர் சாகவில்லை. கோமதேஷ் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது.

“இந்தாங்க, உங்களுது” என்று பூவராகவன் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

கிழிந்த சட்டையோடு ஆடக்கூடாது என்றார் ராஜாராம். வேறு எதையாவது போட்டுக்கொண்டு வரட்டும், முதுகில் ஏழு இருக்க வேண்டும், மற்றவன் நம்பரை மாட்டிக்கொண்டு வரக்கூடாது. சின்னத்துக்கு வேண்டுமானால் விலக்குத் தருவதாகச் சொன்னார். அந்தச் சின்னத்தை அவர் மறுபடி பார்க்க விரும்பவில்லை என்று தோன்றியது. சுண்ணாம்பால் எழுதிக்கொள்ளலாமா என்று தனகோட்டி கேட்டான். ராஜாராம் பார்த்த பார்வையில் அவன் அந்தக் கேள்வியைத் தான் கேட்கவே இல்லை என்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வளவன் வரும்போது போட்டிருந்த நீல டி-ஷர்ட்டைச் சுருட்டி கோமதேஷ் கையில் கொடுத்தான். பைக்கில் போனால் பஜார் பக்கம்தான்.

“எதுத்த கடையில. ஏழு. ஒரு அமுக்கு. ஒடனே வா.”

“தெரியும்டா.”

“மச்சான். எதுத்த கடையில.”

“தெரியும்ன்றேன்ல.”

வளவன் துண்டைப் போர்த்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தான். உள்ளே ஆறு பேர் ஆடினார்கள், பிறகு நால்வர், பிறகு தனகோட்டி மட்டும். போய்த் திரும்புகிற நேரம் முடிந்தது. கடையில் கூட்டம் இருந்தால் ஆகிற நேரமும் முடிந்தது. டயர் பஞ்சராகி, ஒட்டி, வருகிற நேரமும் முடிந்தது. கோச் ஒருமுறை வளவன் பக்கம் திரும்பி, வருவாயா என்பது போல் புருவத்தை உயர்த்தினார். வளவன் ரோட்டைக் காட்டினான். கோச்சும் ரோட்டைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அவர் எழுந்து கமிட்டிக்காரர்களோடு கைகுலுக்கியதை வளவன் பார்த்தான். ஓடிப்போய்க் காலைப் பிடித்திருக்கலாம். கபடியில் அதற்குத்தான் பயிற்சி, ஆனால் துண்டோடு யாரும் பயிற்சி எடுப்பதில்லை.

கார் திரும்பிய பிறகு கோமதேஷின் பைக் வந்தது. டி-ஷர்ட்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். தூரத்திலிருந்தே மாலை வெயிலில் அந்த ஏழு மின்னியது. ஸ்டிக்கர் அப்படி மின்னாது. நூல்தான் மின்னும். இரண்டு கரை. வெளிக்கரை பாதியில் நின்றிருந்தது.

“ஏழுதானேன்னு நம்ம மிஷின்லயே போட்டேன்டா” என்றான் கோமதேஷ், மூச்சு வாங்க. “நாலு நிமிச வேல. பாதில கரண்ட்டு பூட்ச்சு. வந்து, மறுபடியும் ஃபிரேம் மாட்டி...”

“எதுத்த கட மூடியிருந்துதா?”

கோமதேஷ் டி-ஷர்ட்டைப் பார்த்தான். “தொறந்துதான் இருந்துது.”

வளவன் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போய் ஆடினான். வல்லம் தோற்றது. கோச் ஒருவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று பிறகு மைக்கில் சொன்னார்கள். தொண்டூர் கார்னர் பூவராகவன். “பையனுக்குக் கை நல்லா இருக்குது” என்றாராம்.

கோமதேஷ் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அதனால் எங்கே போனாலும் அவன் பைக்கில் ஒரு டிபன் பாக்ஸ் தொங்கும், வெளிச்சம் இருக்கும்போதே எங்கேயாவது நின்று சாப்பிட்டுவிடுவான். அன்று மைதானத்து ஓரத்தில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வளவன் அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டும்போதும் மூடி திறந்திருக்கவில்லை. ராஜகிரிக்குப் பின்னால் வெயில் போய்விட்டது. இனி சாப்பாடு நாளைக்குத்தான். வளவன் அதைக் கவனித்தான், கவனித்துவிட்டோமே என்று எரிச்சலானான், நடையை எட்டிப் போட்டான்.

மலையை வளவனின் அம்மா கண்ணம்மாள் எடுத்துக்கொண்டாள். சோற்றுப் பானை இறக்க அதைப்போல ஒரு பிடிதுணி செஞ்சி சந்தையிலேயே கிடைக்காது என்றாள். கெட்டி. சூடு ஏறுவதில்லை. எத்தனை கஞ்சி பட்டாலும் அலசினால் பளிச்சென்று ஆகிவிடும். குரங்கு இன்னும் படியில்தான் இருக்கிறது.

தை பிறந்தது. வளவன் பார்சல் கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தான். கம்பெனிக்காரர்கள் ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள், அதன் நெஞ்சில் ஒரு சின்னம். ஸ்டிக்கர்தான். காலையில் அந்தச் சின்னம் தெரிய ஒரு செல்ஃபி எடுத்து ஆப்பில் போட வேண்டும். ஆப்புக்குச் சின்னம் தெரியவில்லை என்றால் அன்றைக்குப் பார்சல் இல்லை. ஆப்பிடம் காரணம் சொல்ல முடியாது. கொடுத்தது ஒரே டி-ஷர்ட் என்பதால் தினம் ராத்திரி துவைத்துப் போட்டுத் தினம் காலையில் மாட்டினான். பை வார் உரசுவது வேறு. முப்பது சலவை என்பது எத்தனை சின்னக் காலம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோமதேஷோடு சண்டை எதுவும் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் செஞ்சி இருக்கிற சின்ன அளவுக்கு ஒருவரோடு பேசாமல் இருப்பது பெரிய வேலை. அதைவிட, மாசி பிறந்ததிலிருந்து ஆதிநாதர் எம்ப்ராய்டரி ஒர்க்ஸுக்குப் பார்சல் வர ஆரம்பித்தது. ஒரு சீப்பு. ஒரு போன் கவர். இன்னொரு நாள் இன்னொரு சீப்பு. மிஷின் மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது, அதன் மேல் வளவன் கொண்டுவந்த பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன.

“சார், ஓ.டி.பி. சொல்லுங்க.”

கோமதேஷ் நம்பரைச் சொல்வான். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி. சொல்லும்போது வளவன் முகத்தைப் பார்க்கமாட்டான், நெஞ்சைப் பார்ப்பான். சின்னம் முதலில் ஓரத்தில் வெடித்தது, பிறகு ஒரு மூலை எழும்பியது, பிறகு பாதி போனது. ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

“தேங்க்ஸ் சார்.”

பங்குனியில் ஒருநாள் கோமதேஷ் பேருக்குக் காகிதக் கனத்தில் ஒரு தட்டை உறை வந்தது. திருப்பூரிலிருந்து. மடிக்காதீர்கள் என்று எழுதியிருந்ததால் வளவன் அதைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்து வந்து கொடுத்தான். ஓ.டி.பி. வாங்கினான். தேங்க்ஸ் சொன்னான்.

மறுவாரம் ஆப் முடிவு செய்துவிட்டது. ஒரு செல்ஃபி, இரண்டு செல்ஃபி, வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. சின்னம் தெரியவில்லை என்றே வந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டால், புது டி-ஷர்ட் ஆறு மாசம் கழித்துத்தான், உனக்குச் சின்னத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்றார். அன்றைக்குப் பார்சல் போகவில்லை என்றால் அடுத்த நாள் வேறு ஆள். தமிழ்ச்செல்வன் கடைக்குப் போனான். மகளுக்குக் காதுகுத்து, மேல்மலையனூர் போயிருக்கிறார் என்று ஷட்டரில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியது ஒரு பக்கம் உரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

வளவன் ரோட்டின் நடுவில் நின்று யோசித்தான். ஹார்ன் அடித்தார்கள். எதிர்க்கடைக்குள் போனான்.

கோமதேஷ் அவனைப் பார்த்தான், கையில் பார்சல் இல்லை என்பதைப் பார்த்தான், நெஞ்சைப் பார்த்தான்.

“கழட்டு” என்றான்.

ஓ.டி.பி. இல்லாமல் அவன் பேசிய முதல் வார்த்தை. வளவன் கழற்றிக் கொடுத்தான். கோமதேஷ் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். கபடி ஜெர்சியைவிட மெல்லிசு. பெட்ஷீட் போர்த்திய மிஷின் பக்கம் அவன் கண் ஒருமுறை போனது.

“தைக்கப் போறியா?” என்றான் வளவன்.

கோமதேஷ் ஷட்டரைப் பாதி இறக்கினான். மத்தியான பஜாரில் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, இருந்தும் இறக்கினான். கல்லா மேஜைக்கு அடியிலிருந்து அந்தத் தட்டை உறையை எடுத்தான். உள்ளே பிலிம். பிலிமில் வரிசையாக வளவனின் கம்பெனிச் சின்னம், ஒரு தாள் நிறைய. மடங்காமல் கையில் பிடித்து வந்து கொடுத்தது தான்தான் என்பது வளவனுக்கு நினைவு வந்தது.

பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு இஸ்திரிப் பெட்டியும் வந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்தது போலிருக்கிறது, பிடியில் மஞ்சள் கறை இருந்தது. ஸ்டூலில் நியூஸ்பேப்பரை மடித்துப் போட்டு, டி-ஷர்ட்டை விரித்து, பழைய சின்னத்தின் மிச்சத்தை நகத்தால் சுரண்டினான். ஒரு சின்னத்தை வெட்டி வைத்தான். கைக்குட்டையை அதன் மேல் விரித்தான். உட்கார ஸ்டூல் இல்லாததால் வளவன் பனியனோடு நின்றான்.

கோமதேஷ் இஸ்திரிப் பெட்டியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். வளவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. இஸ்திரி வண்டிக்காரர் இருந்தார், வாழைப்பழம் இருந்தது, தாலிகூட இருந்தது. ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை.

“எத்தினி சலவ தாங்கும்?” என்று மட்டும் கேட்டான்.

கோமதேஷ் எண்ணி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

“முப்பது.”

பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தான். கைக்குட்டையை நீக்கி, பிலிமைக் கீழிருந்து மெதுவாக உரித்தான். சின்னம் துணியில் நின்றது, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலை பிலிமோடு கிளம்பி வந்தது. கோமதேஷ் உரிப்பதை நிறுத்தினான். கட்டை விரலால் மூலையை அழுத்தினான், எடுத்தான், மறுபடி எழும்பியது. கைக்குட்டையைத் திரும்பவும் விரித்து, ஓரங்களை நீவி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அந்த மூலையின் மேல் வைத்தான்.